பலிபீடத்தின் கீழ் இருந்தவர்கள்

"எங்கட சனம் செய்த பாவத்துக்குத்தான் கர்த்தர் அந்த அடியைத் தந்தவர்." வட இலங்கையின் வன்னியில் இதைக் கேட்காத கிறிஸ்தவர் இருக்க மாட்டார். செத்தவீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன். பஸ்ஸில் பக்கத்து சீற்றில் இருந்தவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒலிபெருக்கி கட்டி, மூன்று கிராமத்துக்குக் கேட்கும்படி சொல்லவும் கேட்டிருக்கிறேன். 2009இல் யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகியும் இந்தப் பேச்சு எனக்குள் இறங்க மறுக்கிறது. சொல்லுகிறவர்களில் பலர் அந்த அடியை என்னோடு சேர்ந்து வாங்கியவர்கள். நடந்ததற்கு ஒரு காரணம் வேண்டும் என்று தவித்தார்கள், காரணம் சொல்ல வேண்டியவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை, கடைசியில் தங்களையே காரணமாக்கிக்கொண்டார்கள். அவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. அந்தத் தவிப்பைப் பிடித்துக்கொண்டு, வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தைத் திறந்து, "பார், உன் பாவம் இங்கே எழுதியிருக்கிறது" என்று காட்டுகிற பிரசங்கத்தின்மீதுதான் கோபம்.

வெளிப்படுத்தின விசேஷத்தை எங்கள் ஊர்களில் எப்படி வாசிக்கிறோம் என்பது தெரிந்ததுதான். 2004 டிசம்பரில் முல்லைத்தீவைக் கடல் அள்ளிக்கொண்டு போனது, அது ஒரு அடையாளம். 2009 அடுத்த அடையாளம். கொரோனாத் தடுப்பூசி வந்தபோது அதற்குள் மிருகத்தின் முத்திரை இருக்கிறதென்று பயந்து ஒளித்துத் திரிந்த ஆட்களை எனக்குத் தெரியும். 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் கோட் வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர். அந்தச் சதுரத்தைக் காட்டாமல் பெற்றோல் அடிக்க முடியாது என்றதும், முத்திரை இல்லாதவன் கொள்ளவும் விற்கவும் கூடாது என்று 13ஆம் அதிகாரத்தில் வருகிறதே, இதுதான் அது என்றார்கள். வரிசை குறைந்தது, கோட்டும் போனது, மிருகத்தை யாரும் தேடவில்லை. இப்போது அடையாளங்கள் இன்னும் சின்னதாகிவிட்டன. பிள்ளைகளின் போன், டிக்டொக், பெண் பிள்ளைகள் போடுகிற உடுப்பு, பெடியள் தலைக்கு அடிக்கிற நிறம். அந்தப் புத்தகத்தில் கெட்ட நகரமாக வருகிற பாபிலோன் மகாவேசி கடைசியில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளின் உடம்பில் வந்து நிற்கிறாள்.

நாங்கள் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பம். வெளிப்படுத்தின விசேஷத்தை முதலில் அம்மம்மாவின் வாயால்தான் கேட்டேன், அதுவும் பங்கருக்குள் இருந்து. செல் விழுந்துகொண்டிருக்கும்போது சங்கீதம் 91ஐச் சொல்லிக்கொண்டிருப்பார். அது முடிந்தால் "அவர்களுடைய கண்ணீர் யாவையும் தேவன் துடைப்பார்" என்ற 21ஆம் அதிகாரத்து வசனம். மிருகம், முத்திரை, 666 எதையும் அவர் அந்த இடத்தில் எடுத்ததில்லை. மண்மூட்டைக்கு நடுவில் குந்தியிருக்கிற பிள்ளைகளுக்கு எது வேண்டுமென்று அவருக்குத் தெரிந்திருந்தது. பின்னாளில் அந்தப் புத்தகத்தை முதல் அதிகாரத்திலிருந்து வாசித்தபோது, அதை எழுதியவரும் அந்த நிலையில் இருந்தவர்தான் என்று கண்டேன். பத்மு என்ற தீவில் இருந்துகொண்டு, இன்றைய துருக்கியின் மேற்குக் கரைப் பக்கம் இருந்த ஏழு சபைகளுக்கு யோவான் எழுதுகிறார். முதலாம் நூற்றாண்டின் கடைசி, உரோமையில் தொமித்தியான் ஆண்ட காலம் என்பது ஆய்வாளர்களில் பெரும்பாலானோரின் கணிப்பு. "உங்கள் சகோதரனும்" என்று தொடங்கி, உபத்திரவத்தில் உங்களுக்கு உடன்பங்காளன் என்று தன்னை அறிமுகப்படுத்துகிறார். அடிபட்டவன் அடிபட்டவர்களுக்கு எழுதிய கடிதம். அதை அடிபட்டவர்களைக் குற்றம் சாட்டுவதற்கு எடுக்கலாமா என்பதுதான் என்னை விடாமல் அரித்த கேள்வி.

ஐந்தாம் முத்திரை

காலபோக அறுவடை முடிந்த ஒரு இரவில், பரந்தனுக்கு அங்கால் ஒரு வளவில் கூட்டம். தகரக் கொட்டகை, வாடகைக் கதிரைகள், இரண்டு பக்கமும் பெட்டி ஸ்பீக்கர். பேச வந்தவர் வேறு மாவட்டத்துக்காரர். நல்ல குரல், வேதத்தைப் பாராமல் சொல்லக்கூடியவர். அன்றைக்கு 6ஆம் அதிகாரத்தை எடுத்தார், ஒரு சுருளின் முத்திரைகள் ஒவ்வொன்றாக உடைகிற அதிகாரம். முதல் நாலு முத்திரைக்கும் ஒவ்வொரு குதிரை வருகிறது. வெள்ளைக் குதிரை வரப்போகிற வஞ்சகம். சிவப்புக் குதிரை எங்கள் யுத்தம். கறுப்புக் குதிரை 2022இன் பஞ்சம். மங்கின நிறமுள்ள குதிரை கொரோனா. ஒவ்வொரு குதிரைக்கும் சனம் அழுதது, நானும் கண்ணைத் துடைத்தேன். சிவப்புக் குதிரையை வன்னிச் சனத்துக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை, அதன் குளம்புச் சத்தம் எங்களுக்குப் பழக்கம். பிறகு பூமி அதிர்ந்தது, சூரியன் கறுத்தது, நட்சத்திரங்கள் விழுந்தன. ஆறாம் முத்திரை. அதிலிருந்து நேரே எங்கள் பாவங்களுக்கு வந்தார். குடி, விபசாரம், விக்கிரகம், போன். இதற்காகத்தான் குதிரைகள் வந்தன, திருந்தாவிட்டால் இன்னும் வரும் என்றார்.

எனக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் அக்கா ஒருவர் இருந்தார். 2009 மே மாதம் வட்டுவாகலில் மகனைத் தன் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்தவர். விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொன்னதை நம்பி ஒப்படைத்தார். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கியதிலிருந்து அந்தப் போராட்டக் கொட்டகைக்குப் போய் வருகிறவர். கோவில் வாசலில் வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார், அதை அங்கே யாரும் வித்தியாசமாக எடுப்பதில்லை. கூட்டம் முடிந்து சனம் கலைகிறபோது என்னிடம் மெதுவாகக் கேட்டார். "தம்பி, நாலாம் முத்திரையச் சொன்னார், ஆறாம் முத்திரையச் சொன்னார். நடுவில ஐஞ்ச ஏன் விட்டவர்?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவரே தொடர்ந்தார். "பலிபீடத்துக்குக் கீழ கிடந்து கத்துதுகளே, அதுகள் என்ன பாவம் செய்ததுகள்?"

வீட்டுக்கு வந்து வாசித்தேன். அன்றிரவு அந்த மூன்று வசனங்களைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. குதிரைகள் நாலும் ஓடி முடிந்த பிறகு, ஐந்தாம் முத்திரை உடைகிறது. அப்போது புதிதாக ஒரு வாதையும் வருவதில்லை. கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின் கீழே தெரிகிறார்கள். அவர்கள் பேசுகிறார்கள். எங்கள் இரத்தத்தைக் குறித்து "எதுவரைக்கும்" நியாயம் தீர்க்காமல் இருப்பீர் என்று மகா சத்தமாய்க் கேட்கிறார்கள். பரலோகம் அவர்களை அதட்டவில்லை. உங்கள் பாவங்களை நினைத்துப் பாருங்கள் என்று சொல்லவில்லை. மன்னித்து மறந்துவிட்டு முன்னேறுங்கள் என்றும் சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் வெள்ளை அங்கி கொடுக்கப்படுகிறது, இன்னும் கொஞ்சக் காலம் இளைப்பாறச் சொல்லப்படுகிறது. அந்தக் "கொஞ்சக் காலம்" எனக்கும் வலிக்கிறது. மகன் வருவான் என்று இருந்த எத்தனையோ பெற்றோர் அந்தக் கொட்டகையிலிருந்தே செத்துப் போனார்கள். ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்டது தவறென்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. சமூகத்தின் ஒழுக்கத்தை இந்தப் புத்தகத்தை வைத்து அளக்க விரும்புகிறவர் முதலில் நிற்க வேண்டிய இடம் இதுதான் என்று எனக்குப் பட்டது. கொல்லப்பட்டவர்களும் தொலைக்கப்பட்டவர்களும் கேட்கிற கேள்வியை ஒரு சமூகம் என்ன செய்கிறது? காது கொடுக்கிறதா, தாண்டி ஆறாம் முத்திரைக்குப் போய்விடுகிறதா?

இதை ஒரு பாஸ்ரரிடம் சொன்னபோது, அங்கே இருப்பவர்கள் தேவவசனத்துக்காகக் கொல்லப்பட்ட இரத்தசாட்சிகள், எல்லாச் சாவையும் அதில் போடக்கூடாது என்றார். அவர் சொன்னது சரி. முள்ளிவாய்க்காலில் செத்த எல்லோரையும் இரத்தசாட்சிகள் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அதே புத்தகத்தின் 18ஆம் அதிகாரக் கடைசி வசனத்தையும் அவரோடு சேர்ந்து வாசித்தேன். பாபிலோன் விழுந்து கிடக்கும்போது அவளிடத்தில் தீர்க்கதரிசிகளின் இரத்தமும் பரிசுத்தவான்களின் இரத்தமும் மட்டும் காணப்படவில்லை, "பூமியில் கொல்லப்பட்டவர்கள் அனைவருடைய இரத்தமும்" காணப்பட்டது. அனைவருடைய இரத்தமும் கணக்கில் ஏறியிருக்கிறது. செத்தவர்கள் பெயரில் அந்தக் கணக்கு எழுதப்படவில்லை, கொன்ற நகரத்தின் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது.

இயேசுவிடமும் இதே கேள்வி வந்தது. சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் செத்தபோது, எருசலேமில் மற்ற எல்லோரையும்விட அவர்கள் பாவிகளென்று நினைக்கிறீர்களோ, அப்படியல்ல என்று லூக்கா 13இல் சொல்கிறார். கிளிநொச்சித் தண்ணீர்த் தாங்கி யுத்தத்தில் விழுந்து, ஏ9 வீதியோரம் வருடக்கணக்காகக் கிடந்தது. தெற்கிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கி நின்று படம் எடுத்தார்கள். அதைக் கடந்து போன ஒவ்வொரு முறையும் எனக்குச் சீலோவாம்தான் ஞாபகம். தொடர்ந்து இயேசு "நீங்கள் மனந்திரும்பாமற்போனால்" என்று எச்சரிக்கிறார் என்பதும் உண்மை. அந்த எச்சரிக்கை கேட்டு நின்ற உயிருள்ளவர்களுக்கு. செத்தவர்கள்மீது பாவத்தை ஏற்றி, தப்பினவன் தன்னை நல்லவனென்று எண்ணிக்கொள்ள அவர் இடம் வைக்கவில்லை.

தராசு

ஒழுக்கச் சீரழிவே இல்லை, பிரசங்கிகள் கற்பனை செய்கிறார்கள் என்று யாராவது நினைத்தால் அவர் வன்னிக்கு வந்து பார்க்கட்டும். ஐஸ் என்ற போதைப்பொருள் வந்துவிட்டது. பள்ளிக்கூடப் பெடியள் கையில் வந்துவிட்டது. கசிப்பு எப்போதும் இருந்தது, இப்போது அது பழைய தலைமுறையின் சாமானாகிவிட்டது. ஆற்று மணலை இரவிரவாக ரிப்பரில் ஏற்றிக் கொண்டு போகிறார்கள், கேட்கப் போனவனுக்கு வாள்வெட்டு விழுகிறது. நான் படித்த காலத்தில் பெயர்கூடத் தெரியாத விஷயங்களைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை சாதாரணமாகக் கதைக்கிறது. மீள்குடியேறிய ஆரம்பத்தில், தறப்பாள் கொட்டிலுக்குள் நாங்கள் கிடந்தபோது, அரிசியும் தகரமும் கொண்டு முதலில் வந்தவர்களில் இந்தப் பிரசங்கிகளின் சபைகளும் இருந்தன. குடியை விட்டு மனிதரானவர்கள் அந்தக் கூட்டங்களில் எழுந்து சாட்சி சொல்கிறார்கள், அது பொய்ச் சாட்சி கிடையாது. ஆகவே, நிலைமை கெட்டது என்பதில் எனக்கும் அவர்களுக்கும் சண்டை இல்லை. எந்த இடத்தில் கெட்டது, யார் கெடுத்தது என்பதில்தான் சண்டை.

கறுப்புக் குதிரையைப் பாருங்கள். அதன்மேல் இருக்கிறவன் கையில் வாள் இல்லை, தராசு இருக்கிறது. ஒரு பணத்துக்கு ஒரு படி கோதுமை, ஒரு பணத்துக்கு மூன்று படி வாற்கோதுமை என்று விலை சொல்லப்படுகிறது. மத்தேயு 20இல் திராட்சத்தோட்டக் கூலியாட்களுக்குப் பேசிய நாட்கூலியும் அதே ஒரு பணம்தான். ஒரு படி கோதுமை ஒரு ஆளுக்கு ஒரு நாள் சாப்பாடு. அதாவது ஒருவன் பகல் முழுக்க வேலை செய்தால் தன் வயிற்றுக்கு மட்டும் கிடைக்கும், பிள்ளைகளுக்குக் கிடையாது. இது தரிசனத்தில் வந்த வெறும் எண் கிடையாது. ஏறத்தாழ அதே காலத்தில், கி.பி. 90களின் தொடக்கத்தில், பிசீதியா நாட்டு அந்தியோகியாவில் கடும் குளிரால் தானியம் தட்டுப்பட்டபோது, உரோமை ஆளுநர் ஒருவர் போட்ட கட்டளை கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. ஒரு மோதியு கோதுமையை ஒரு பணத்துக்கு மேல் விற்கக்கூடாது என்பது கட்டளை. மோதியு என்பது அந்தப் படியில் கிட்டத்தட்ட எட்டு மடங்கு. பஞ்சகால உச்ச விலையென்று அரசாங்கமே வைத்ததன் எட்டு மடங்கை யோவானின் கறுப்புக் குதிரைக்காரன் கேட்கிறான். அதோடு ஒரு குரல், எண்ணெயையும் திராட்சரசத்தையும் சேதப்படுத்தாதே என்கிறது. ஏழையின் கோதுமைக்கு விலை ஏறலாம், எண்ணெயும் திராட்சரசமும் ஏற்றி லாபம் காண்கிறவனுடைய தோட்டத்துக்கு ஒன்றும் ஆகக்கூடாது. நான் அந்த வசனத்தை அப்படித்தான் வாசிக்கிறேன்.

2009இன் முதல் மாதங்களில் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் இருந்தவர்களுக்கு இந்தத் தராசு தெரியும். கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்து அரிசி வாங்கினோம். அரிசியும் தண்ணீரும் உப்புமான கஞ்சிக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையிலும் செல் விழுந்தது. பிறகு 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை எடுத்தபோது எங்கள் வயல்களில் காலபோகம் தொடங்கியிருந்தது. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் இருந்தும் பயிர் மஞ்சளித்து நின்றது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். நெல் விளைவிக்கிற ஊரில் பாணுக்கு வரிசை. இந்த முடிவுகளை எடுத்தவர்கள் யாருடைய பிள்ளையும் ஒரு நேரம் பட்டினி கிடக்கவில்லை. எங்கள் பாவத்தைத் தேடுகிற பிரசங்கி இந்தத் தராசைப் பிடித்திருந்த கையை ஏன் தேடுவதில்லை? புத்தகம் அதைத்தானே காட்டுகிறது.

சரக்கின் கடைசியில்

பாபிலோனை எங்கள் மேடைகளில் ஒழுக்கம் கெட்ட பெண்ணாக மட்டும் காட்டுகிறார்கள். 18ஆம் அதிகாரத்தை வாசித்தால் அது முழுக்க முழுக்க வியாபாரத்தைப் பற்றிய அதிகாரம். நகரம் எரிகிறபோது தூரத்தில் நின்று அழுகிறவர்கள் யார்? ராஜாக்கள், வர்த்தகர்கள், கப்பற்காரர்கள். எதற்காக அழுகிறார்கள்? இனித் தங்கள் சரக்கை வாங்க ஆளில்லை என்று. அந்தச் சரக்குகளை யோவான் ஒவ்வொன்றாகச் சொல்கிறார், மொத்தம் 28. பொன்னில் தொடங்குகிறது. வெள்ளி, இரத்தினம், முத்து, பட்டு, தந்தம், இலவங்கப்பட்டை, சாம்பிராணி, எண்ணெய், மா, கோதுமை, மாடு, ஆடு, குதிரை, இரதம் என்று இறங்கிக்கொண்டே வந்து, அடிமைகளிலும் "மனுஷருடைய ஆத்துமாக்களிலும்" முடிகிறது. முதலில் பொன், கடைசியில் மனித உயிர். உரோமையின் துறைமுகங்களில் உண்மையாகவே இறங்கிய சாமான்கள் இவை.

யுத்தம் முடிந்து ஏ9 திறந்ததும் எங்களிடம் முதலில் ஓடி வந்தவர்களில் கடன் கொடுப்பவர்களும் இருந்தார்கள். புருஷனை இழந்து, அல்லது புருஷன் எங்கேயென்று தெரியாமல், பிள்ளைகளோடு இருந்த பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருத்திக்கு மற்றவர்கள் பிணை என்று எழுதி வாங்கிக் காசு கொடுத்தார்கள். கோழி வளர்க்க, கடை போட, கிணறு இறைக்க என்று எடுத்த கடன். கிழமைக்கொரு தவணை. வட்டி எவ்வளவென்று கணக்குப் போட்டுக் காட்ட அங்கே யாரும் இல்லை. ஒருத்தி கட்ட முடியாமல் போனால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும், அதனால் கடன் கொடுத்தவனுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுக்காரி வந்து வாசலில் நின்று ஏசினாள். யுத்தம் பிரிக்காத அயலை இந்தத் தவணை பிரித்தது. முதல் கடனைக் கட்ட இரண்டாம் கடன், அதைக் கட்டத் தோடு அடைவு. உயிரை மாய்த்துக்கொண்ட பெண்கள் இருக்கிறார்கள். நிலைமை எவ்வளவுக்குப் போனதென்றால், 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்திருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் வேதப்பாடத்தில் இந்தச் சரக்குப் பட்டியலை வாசித்தபோது, கடைசிச் சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை. ஒருவர் மட்டும் "அது நாங்கள்தான்" என்றார். பாடம் அதற்குப் பிறகு கடனைப் பற்றித்தான் நடந்தது. யார் யாருக்கு எவ்வளவு, எந்தத் தாளில் கையெழுத்து வைத்தோம் என்று கதைக்கத் தொடங்கினார்கள். ஒருவரிலிருந்து ஒருவர் ஒளித்திருந்த கணக்கு அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

ஐஸ் விஷயத்துக்கும் இது பொருந்தும். பதினாறு வயதுப் பெடியன் அதை எங்கேயும் உண்டாக்கவில்லை. எங்கேயோ சமைத்து, யாரோ கடலால் கொண்டுவந்து, யாரோ கண்ணை மூடிக்கொண்டு விட, யாரோ வீடு கட்டி உயர்ந்து, அந்தப் பாதையின் கடைசியில் நிற்கிறவன் அவன். அவனை மேடைக்கு முன்னால் முழங்காலில் நிறுத்தி அழவைப்பது லேசு. "உன் வர்த்தகர் பூமியில் பெரியோர்களாயிருந்தார்களே" என்று 18:23 சொல்கிறதே, அந்தப் பெரியோரைப் பெயர் சொல்லிக் கேட்பது லேசில்லை. அதேபோல 11:18 பூமியைக் கெடுத்தவர்களைக் கெடுக்கும் காலம் வருகிறது என்கிறது. ஆற்றைத் தோண்டி விற்கிறவனுக்கு இதைவிட நேரான வசனம் வேறில்லை. இன்றுவரை அதை எடுத்து ஒரு பிரசங்கம் நான் கேட்கவில்லை.

கடலும் இல்லாமற்போயிற்று

முல்லைத்தீவுக் கரையில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார், கத்தோலிக்கர். 2004இல் சுனாமி அவருடைய மனைவியைக் கொண்டுபோனது. அடுத்த வருடமே திரும்பவும் கடலுக்குப் போனார். 21ஆம் அதிகாரத்துப் புதிய வானம், புதிய பூமியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது, அந்த முதல் வசனத்தின் கடைசித் துண்டு வந்தது: "சமுத்திரமும் இல்லாமற்போயிற்று." அவர் நிமிர்ந்து பார்த்தார். "கடலில்லையெண்டா நாங்கள் அங்க என்ன செய்யிறது?" என்று கேட்டார். பகிடிக்குக் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து செய்த தொழில், சாப்பிட்ட சாப்பாடு, மனைவி கிடக்கிற இடம் எல்லாமே அவருக்கு அதுதான்.

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இந்தப் புத்தகத்தில் மிருகம் ஏறி வருவது கடலிலிருந்துதான். பாபிலோனின் கப்பல்கள் ஓடுவதும் அங்கேதான். தீவில் இருந்த யோவானையும் அவருடைய சபைகளையும் பிரித்து வைத்திருந்ததும் அதே கடல்தான். பயமும் பிரிவும் கொள்ளையும் வருகிற வழியாக இனி அது இருக்காது என்று நான் விளங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் தலையாட்டினாலும் ஏற்றுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. பிறகு ஒரு அதிகாரம் முன்னால் போய் 20:13ஐ வாசித்துக் காட்டினேன். "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது." அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப கடலும் கணக்குக் குடுக்கத்தான் வேணும்" என்றார். எனக்கு உடனே நந்திக்கடல்தான் மனதில் வந்தது. 2009 மேயில் அந்தக் களப்பைத் தாண்டி வந்தவர்கள் எல்லோரும் மறுகரை சேரவில்லை. தண்ணீரும் மண்ணும் ஒளித்து வைத்தவர்களை ஒருநாள் பெயரோடு திருப்பித் தர வேண்டும் என்று வேதம் சொல்கிறது. அதை மட்டும் நம்பிக்கொண்டு இருக்கிற தாய்மார் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று போனைப் பற்றிப் பிரசங்கம் செய்ய எனக்கு மனம் வராது.

கடிதம் யாருக்கு வந்தது

இன்னொன்றையும் நாங்கள் தாண்டிப் போகிறோம். மிருகமும் குதிரையும் வருவதற்கு முன்னால் இரண்டு முழு அதிகாரங்கள் இருக்கின்றன. எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா என்ற ஏழு சபைகளுக்கும் தனித்தனிக் கடிதம். நியாயத்தீர்ப்பின் முதல் விசாரணை சபைக்குள்தான் நடக்கிறது. ஏழில் இரண்டு சபைகளுக்கு மட்டும் ஒரு கண்டிப்பும் இல்லை. ஒன்று தரித்திரத்தில் கிடந்த சிமிர்னா, மற்றது கொஞ்சப் பெலன் மட்டும் இருந்த பிலதெல்பியா. ஒரு நல்ல சொல்லும் கிடைக்காத சபை லவோதிக்கேயா, "எனக்கு ஒரு குறைவுமில்லை" என்று சொன்ன சபை. அந்த நகரம் கி.பி. 60இல் பூமியதிர்ச்சியில் இடிந்தபோது உரோமையிடம் உதவி வாங்காமல் சொந்தக் காசிலேயே தன்னைக் கட்டிக்கொண்டது என்று உரோமை வரலாற்றாசிரியர் தாசித்து எழுதியிருக்கிறார். இடிந்து எழும்பிய ஊர், கையில் காசு, நெஞ்சில் பெருமை. வன்னியில் இருந்து அதை வாசிக்கும்போது எனக்கு நெஞ்சு பதைக்கிறது. நாங்களும் இடிந்து எழும்பியவர்கள். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற உறவுகள் அனுப்பிய காசில் மாபிள் பதித்த சபை மண்டபங்கள் எழும்பியிருக்கின்றன. பக்கத்து வளவில் வீட்டுத்திட்ட வீடு கூரையில்லாமல் நிற்கிறது.

என் சொந்தச் சபையிலேயே இந்தக் கேள்வி இப்போது மேசைக்கு வந்திருக்கிறது. கூரை திருத்தும் வேலைக்கு ஒருவர் பெரிய தொகை காணிக்கை தந்தார். மீற்றர் வட்டிக்குக் காசு கொடுத்துத்தான் அவர் உயர்ந்தார் என்பது ஊருக்கே தெரியும். அவரிடம் தோட்டை இழந்த இரண்டு பெண்கள் அதே ஆலயத்தில் பின்வாங்கில் இருக்கிறார்கள், அவர் முன்வாங்கில் இருக்கிறார். அவர் சபைக்கு வரக்கூடாதென்று நான் சொல்லவில்லை, வர வேண்டியவர்தான். காசைப் பற்றித்தான் பேச்சு. நிர்வாகக் குழுவில் சிலர் காசுக்குப் பாவமில்லை என்கிறார்கள். கூரை ஒழுகுவதும் உண்மை, மழைக்காலத்தில் பிள்ளைகள் நனைகிறார்கள். 18ஆம் அதிகாரத்தை அந்தக் கூட்டத்தில் வாசித்தேன். "என் ஜனங்களே, நீங்கள் அவளுடைய பாவங்களுக்கு உடன்படாமலும்" என்ற இடத்தில் ஒருவர் எழுந்து வெளியே போனார், மற்றவர்கள் கடைசிவரை கேட்டார்கள். முடிவு எடுக்கவில்லை, அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதற்கு முன் அடைவு வைத்த தோடுகளைப் பற்றி அவரோடு சபை பேச வேண்டும் என்ற பக்கத்துக்குத்தான் நான் கை உயர்த்தப் போகிறேன். கூரைக்குத் தகரம் வாங்க வேறு வழி பார்ப்போம்.